நடுவில் வரும் பந்து

"ஒரு பக்கம் குதிரை, இன்னொரு பக்கம் தூண். இத வெச்சுக்கிட்டு நாம எங்க சார் ஜெயிக்கறது?"

டென்னிஸ் கிளப்பின் செயலாளர் இப்படிக் கேட்டபோது, அந்தத் தூணோ சுவருக்கு மறுபக்கம், பெண்கள் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுவர் கூரையைத் தொடாது. காற்று வரட்டும் என்று மேலே விட்டிருந்த இடைவெளியில் காற்றைவிடப் பேச்சுதான் அதிகமாக வரும்.

குதிரை யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் கணவன்தான். தன் பந்து, மனைவியின் பந்து, வெளியே போகவிருக்கும் பந்து என்று பேதம் பார்க்காமல் எல்லாவற்றையும் துரத்துகிற ஆள்.

"அடுத்த மாசம் பக்கத்து கிளப்போட போட்டி. கலப்பு இரட்டையருக்கு ஒரே ஒரு ஜோடிதான் அனுப்பறோம்," செயலாளர் குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு தொடர்ந்தார். "நம்ம பேங்க் மேனேஜரம்மா இருக்காங்க. பறக்கறாங்க. நீங்க அவங்களோட ஆடினா கோப்பை நமக்குத்தான். வீட்டுல பக்குவமா சொல்லிப் பாருங்களேன்."

அவள் கை கயிற்றிலேயே நின்றது.

"பாப்போம் சார்," என்றான் கணவன்.

தூண் என்று சொன்னதுகூட அவளுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அதில் பாதி உண்மை இருந்தது. இந்தப் 'பாப்போம்'தான் சுருக்கென்று தைத்தது. அவள் மருந்துக் கடை வைத்திருப்பவள். கவுண்டரில் சாய்ந்து விலையை மட்டும் கேட்டுவிட்டு 'பாப்போம்' என்று போனவர்கள் திரும்பி வந்ததாக அவள் கடைச் சரித்திரத்திலேயே கிடையாது.

அவிழ்த்த கயிற்றை மறுபடியும் இழுத்துக் கட்டினாள். எழுந்து வெளியே வந்தாள். அவளைக் கண்டதும் செயலாளர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல் தடுமாறினார்.

"சார், ஒரு செட் வைங்க," என்றாள். "நானும் இவரும் ஒரு பக்கம், நீங்களும் மேனேஜரம்மாவும் ஒரு பக்கம். நாங்க ஜெயிச்சா நாங்க போறோம். தோத்தா இவரு அவங்களோட போகட்டும். நான் வந்து கை தட்டறேன்."

"அய்யோ, நான் சும்மா பேச்சுக்குத்தாம்மா..."

"நான் பேச்சுக்குச் சொல்லல சார். பேர் கொடுக்கக் கடைசி ஞாயித்துக்கிழமை எதுவோ, அன்னிக்கு வெச்சுக்கலாம்."

கணவன் வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

காரில் வீடு திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். அது அவன் நடத்தும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார். கூரையில் பலகை, பக்கத்து இருக்கையின் காலடியில் சொல்லிக்கொடுப்பவருக்கென்று இன்னொரு பிரேக். அவன் அந்த இருக்கையில் உட்கார்ந்தால் கால் தானாக அங்கே போய்விடும். சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவள் கால் பிரேக்கைத் தொடுவதற்குள் வண்டி குலுங்காமல் நின்றது.

"நான்தான் மிதிக்கப் போறேன் இல்ல?"

"பழக்கதோஷம்," என்றான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான். "நான் முடியாதுன்னுதான் சொல்ல நினைச்சேன்."

"நினைச்சது சுவரைத் தாண்டி வரல. பாப்போம் மட்டும் வந்துச்சு."

"சரி விடு. கவலைப்படாத, நான் பாத்துக்கறேன். நடுவுல வர்ற பந்து எல்லாம் நான் எடுத்துடறேன். உன் பக்கம் வர்றதயும் முடிஞ்சவரைக்கும் எடுத்துடறேன்."

"அப்ப நான் என்ன பண்ணட்டும்?"

"நீ சர்வீஸ் போடு. அது நல்லாப் போடற."

'நான் பாத்துக்கறேன்' என்ற சொல்லை அவன் முதன்முதலில் சொன்ன நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மகள் பிறந்து சில மாதம். அறுவைச் சிகிச்சைப் பிரசவம். மெதுவாக உடற்பயிற்சி தொடங்கலாம் என்று டாக்டர் சொன்னதும், எங்கிருந்தோ ஒரு ராக்கெட்டை வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தான். "நீ நின்னா போதும். ஓடாத. ஓடறத நான் பாத்துக்கறேன்." அன்றைக்கு அவன் மூச்சிரைக்க ஓடுவதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்தன் நமக்குக் கிடைத்தானே என்று தோன்றியது. இப்போதும் அப்படித் தோன்றாமல் இல்லை. ஆனால் மகள் நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். தையல் எப்போதோ ஆறிவிட்டது. அவன் ஓட்டம்தான் நின்றபாடில்லை.

அன்று சாயங்காலமே கீழ்த்தளத்து வீட்டின் மணியை அடித்தாள். அது நாத்தனார் வீடு. கணவனுக்குத் தங்கை, கல்லூரி டென்னிஸ் அணியில் ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டு, இப்போது ஒரு மருத்துவமனையில் மற்றவர்கள் முழங்காலைச் சரிசெய்யும் பிசியோதெரபிஸ்ட். வாய் மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் இருந்தது.

"ஒழுங்கா சொல்லுங்க அண்ணி," கதை முழுக்கக் கேட்டுவிட்டு அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "எங்க அண்ணன ஜெயிக்க வைக்கணுமா, தோக்கடிக்கணுமா?"

"ரெண்டும்."

"அப்படின்னா காலைல சீக்கிரம் எந்திரிக்கணும்."

அடுக்குமாடிக் கட்டடத்தின் அடியில் வண்டி நிறுத்தும் தளம்தான் அவர்களுக்குக் கோர்ட். சாம்பல் நிறத்தில் பெயிண்ட் பூசிய வழவழப்பான தரை. கடைசித் தூணுக்குப் பக்கத்தில் விற்காமல் கிடந்த வீட்டுக்கான இடம் காலியாக இருந்தது. அங்கே நாத்தனார் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தாள். முதலில் ராக்கெட்டை எடுக்கவே விடவில்லை.

"கை எல்லாம் உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. கால்தான் லீவுல இருக்கு. பாருங்க, நான் பந்த எறியப்போறேன். என் கையிலேர்ந்து பந்து விடுபடற அந்த நேரத்துல ஒரு சின்னத் துள்ளல். பெரிசா வேண்டாம், காலுக்கடியில ஒரு இலை நுழையற அளவுக்கு. ரெண்டு காலும் ஒண்ணா இறங்கணும். இறங்கறப்பவே எந்தப் பக்கம் போறதுன்னு கால் முடிவு பண்ணிடும்."

"எனக்குத் தெரியறதுக்கு முன்னாடியேவா?"

"உங்களுக்குத் தெரிஞ்சு, நீங்க காலுக்குத் தந்தி அடிச்சு, அது கிளம்பறதுக்குள்ள மேனேஜரம்மா பாயிண்ட் எடுத்துட்டு தண்ணி குடிக்கப் போயிருப்பாங்க."

முதல் நாள் அவள் துள்ளியபோது பந்து ஏற்கெனவே பின்சுவரில் பட்டு உருண்டுகொண்டிருந்தது. மறுநாள் பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே துள்ளிவிட்டு, இறங்கி, வேரூன்றி நின்றாள். "இப்ப பஸ்ஸுக்கு நிக்கறீங்க அண்ணி," என்றாள் நாத்தனார். பிறகு பக்கவாட்டில் நகர்வது. காலோடு கால் பின்னாமல், பெரிய எட்டு வைத்துக் கிளம்பி, பந்துக்குக் கிட்டே போனதும் பொடிப்பொடியாக எட்டு வைத்து இடத்தைச் சரிசெய்துகொள்வது. அடித்த பிறகு அடித்த பந்தின் அழகைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் திரும்பி வருவது. அந்தத் திரும்பி வருவதுதான் அவளைக் கொன்றது. போவதற்கு ஒரு பந்து இருந்தது. வருவதற்கு எதுவுமே இல்லை, வெறும் சாக்பீஸ் கோடு.

தொடை விண்விண்ணென்று வலித்தது. கடையில் கீழ்த்தட்டு மருந்தை எடுக்கக் குனிந்தால் எழ முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "மாத்திரை விக்கறவங்களுக்கே வலியா?" என்று கேட்டார், தினமும் சர்க்கரை மாத்திரை வாங்க வரும் தையல்காரர். "வாங்கிப் போடுங்க, தள்ளுபடி கிடைக்கும்." அவள் சிரித்துக்கொண்டே பில் போட்டாள். கால் கட்டைவிரலில் வந்த கொப்புளத்துக்கு அவளே பஞ்சு வைத்துக் கட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை.

கணவனுக்குப் பாதி விஷயம்தான் தெரியும். காலையில் மனைவியும் தங்கையும் சேர்ந்து எங்கோ போகிறார்கள், வேர்த்து வருகிறார்கள். "நானும் வரட்டுமா? பந்து பொறுக்கிப் போடறேன்," என்று வாசலில் நின்று கேட்டான்.

"வேண்டாம். நீங்க பொண்ணுக்குத் தலை பின்னி விடுங்க."

"எனக்கு அது வராது."

"எனக்கும்தான் இது வராது. கத்துக்கறேன் இல்ல?"

இரண்டாவது வாரக் கடைசியில் அவள் கால் பேச ஆரம்பித்திருந்தது. எறிந்த பந்துக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தாள். நாத்தனார் இடது பக்கம் பார்த்துக்கொண்டே வலது பக்கம் எறிந்து ஏமாற்றினாலும் ஏமாறவில்லை. "போதும் அண்ணி, இனிமே உங்களத் தூண்னு சொல்றவன் வாய்ல பிளாஸ்திரி ஒட்டிடலாம்," என்றாள் நாத்தனார். அந்த ஞாயிறு வழக்கமான ஆட்டத்துக்குக் கிளப்புக்குப் போனபோது அவளும் வேலிக்கு வெளியே வந்து நின்றாள்.

அன்றைய ஆட்டம் ஒரு கூத்து. எதிரே யாரோ ஒரு சாதாரண ஜோடி. அவள் சரியான நேரத்தில் துள்ளினாள், சரியான பக்கம் கிளம்பினாள், ஓர் எட்டு வைத்தாள், நின்றுவிட்டாள். கணவன் குறுக்கே பாய்ந்து அவள் மூக்குக்கு முன்னால் அடித்தான். அடுத்த பந்து, அதே கதை. அதற்கடுத்தது, அதே. ஏன் நிற்கிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. மனசு போ என்றது. கால் கேட்கவில்லை.

"எல்லாம் மண்ணாப் போச்சு," மறுநாள் தளத்தில் அவள் பந்துக் கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு இது வராதுடி. சிலருக்கு வராது. மேனேஜரம்மாவே ஆடட்டும்."

நாத்தனார் பதில் சொல்லவில்லை. அவளுக்குப் பேச்சு நின்றால் ஏதோ யோசிக்கிறாள் என்று அர்த்தம். "கடைசியா ஒரு தடவ எந்திரிங்க," என்றாள். பந்தை எடுத்துச் சுவரில் எறிந்தாள். அது திரும்பி வந்தது. அண்ணி கிளம்பினாள். அப்போது நாத்தனார் அவளுக்குப் பின்னால் நின்று தன் ஷூவைத் தரையில் ஓங்கித் தேய்த்தாள். கீச்சென்று ஒரு சத்தம்.

அண்ணி சட்டென்று நின்றாள். பந்து அவளைக் கடந்து போய் யாரோ ஒருவரின் கார் சக்கரத்தில் முட்டியது.

"என்ன பண்ணின நீ?"

"ஒண்ணும் பண்ணல. ஷூவத் தேச்சேன். இன்னொரு தடவ."

இன்னொரு முறையும் அதேதான். சத்தம் இல்லாதபோது ஓடினாள். சத்தம் கேட்டபோது நின்றாள். யாரோ கயிற்றைப் பிடித்து இழுத்தது போல நின்றாள்.

"நேத்து வேலிக்கு வெளிய நின்னப்பவே கேட்டுச்சு," நாத்தனார் அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். "அண்ணன் உங்க பக்கம் பாயறதுக்கு முன்னாடி இடது கால ஊனித் தள்ளுவான். அப்ப அந்த ஷூ கீச்சுங்கும். ஒவ்வொரு தடவயும். அந்த சத்தம் வந்தா பந்து உங்களோடது இல்லன்னு உங்க காலுக்குத் தெரியும். இத்தன வருஷமா தெரியும். உங்களுக்குத்தான் தெரியல."

அவள் வெகுநேரம் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. ஒரு மனுஷனின் காலடியை இவ்வளவு துல்லியமாகக் கேட்டுக்கொண்டு வாழ்ந்திருக்கிறோம் என்ற நினைப்பில் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"அண்ணன வேற ஷூ வாங்கிக்கச் சொல்லிடலாமா?"

"வேண்டாம். சொன்னா உடனே மாத்திடுவாரு. 'அதையும் நான் பாத்துக்கிட்டேன்'னு கணக்குல சேத்துப்பாரு. சத்தம் இருக்கட்டும். சத்தத்தோடயே நான் போகணும்." எழுந்தாள். "அவரோட பழைய ஷூ ஒரு ஜோடி பரண்ல கெடக்கு. அது இத விட நல்லாக் கத்தும்."

மறுநாளிலிருந்து அந்தத் தளத்தில் நடந்ததைப் பார்த்தவர்கள் குடும்பத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். நாத்தனார் அண்ணனின் பழைய ஷூவுக்குள் இரண்டு ஜோடி காலுறையைத் திணித்துக்கொண்டு, வாத்து போல நடந்து, பின்னால் நின்று கீச்சு கீச்சென்று தேய்த்தாள். சில பந்துக்குத் தேய்த்தாள், சிலதுக்குச் சும்மா இருந்தாள். சிலதுக்குத் தேய்த்ததோடு நிற்காமல் அண்ணன் மாதிரியே மூச்சையும் இழுத்தாள். அண்ணி நின்றாள், திட்டிக்கொண்டாள், மறுபடி கோட்டுக்கு வந்தாள். அடுத்த வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பி, காரில் சாவியைப் போட்டுவிட்டு, கண்ணாடியை இறக்கினார்.

"இது என்ன வைத்தியம்?"

"கல்யாண வைத்தியம் சார்," என்றாள் நாத்தனார். "ரெண்டே நிமிஷம், வண்டிய எடுத்துடலாம்."

அவர் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஒரு நாள் காலை சத்தம் கேட்டது; அவள் போனாள்; போய் அடித்துவிட்டுத் திரும்பிக் கோட்டுக்கு வந்த பிறகுதான் சத்தம் கேட்டதே நினைவுக்கு வந்தது. நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் ஷூவைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தாள். அடுத்த பந்தைப் போடு என்று கை மட்டும் காட்டினாள் அண்ணி.

குறித்த ஞாயிறு வந்தது. செயலாளர் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஓட மாட்டார், ஓட வைப்பார். பந்தை ஆள் தலைக்கு மேலே தூக்கிப் போடுவதில் அவருக்கு இணை கிடையாது. பேங்க் மேனேஜரம்மா கூந்தலை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வந்ததும் அவள் கையைப் பிடித்தாள். "எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கலைங்க. ஆனா விட்டுக்கொடுத்து ஆடத் தெரியாது. தப்பா நினைக்காதீங்க."

"விட்டுக்கொடுத்தாதான் தப்பா நினைப்பேன்," என்றாள் அவள்.

முதல் ஆட்டத்திலேயே நடுவில் ஒரு பந்து வந்தது. துள்ளினாள், கிளம்பினாள். பக்கத்தில் கீச்சென்று சத்தம். நிற்கவில்லை. அவனும் நிற்கவில்லை. நடுக்கோட்டில் ராக்கெட்டோடு ராக்கெட் மோதி, பந்து இருவருக்கும் சொந்தமில்லாமல் வலைக்கடியில் உருண்டது.

"என்ன ஆச்சு உனக்கு? அடி பட்டுச்சா?"

"இல்ல. பந்து எனக்குக் கிட்ட வந்துச்சு, அதான் போனேன்."

அவன் ஏதோ வேற்று ஆளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தான். அதற்கப்புறம் நிலைமை மோசமானது. அவளை இடித்துவிடுவோமோ என்று அவன் தயங்கினான். அவன் வருவானோ என்று அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். நடுவில் வந்த பந்தெல்லாம் திருமண ஊர்வலம் போல இருவருக்கும் இடையில் சாவகாசமாகப் போனது. மேனேஜரம்மாவுக்கு அது கண்ணில் பட அதிக நேரம் ஆகவில்லை. எல்லாவற்றையும் அங்கேயே அடித்தாள். வேலிக்கு வெளியே நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பக்கம் மாறும் இடைவேளையில் பெஞ்சில் உட்கார்ந்தபோது அவர்கள் நாலுக்கு ஒன்று என்று பின்தங்கி இருந்தார்கள்.

"பழைய மாதிரியே ஆடிடலாம்," துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவன் சொன்னான். "நீ உன் இடத்துல நில்லு. நான் பாத்துக்கறேன்."

அவள் தண்ணீர் குடித்து முடித்து மூடியைத் திருகினாள்.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. உங்ககிட்ட வண்டி கத்துக்க வர்றவங்க பிரேக்க மிதிக்கறதுக்கு முன்னாடி நீங்களே மிதிச்சுட்டா என்ன ஆகும்?"

"அவங்க கால் கத்துக்காது. சொல்லிக்கொடுக்கத் தெரிஞ்சவன் மிதிக்க மாட்டான். கால மேல வெச்சுக்கிட்டுக் காத்திருப்பான்." பதில் சொல்லும்போதே அவன் குரல் வேகம் குறைந்தது.

"ஊர்ல எல்லாருக்கும் காத்திருக்கீங்க. எனக்கு மட்டும் மிதிச்சுடறீங்க."

"உனக்குத் தையல் போட்டிருந்துச்சு..."

"அது பொண்ணு பொறந்தப்ப. அவ இப்ப பன்னெண்டாம் வாய்ப்பாடு சொல்றா."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. ராக்கெட்டின் நரம்பை விரலால் சரிசெய்துகொண்டே இருந்தான். நரம்பு நேராகத்தான் இருந்தது. "அன்னிக்கு சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருக்கேன்னு தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்து, தலையை ஆட்டிக்கொண்டான். "இல்ல. தெரியலன்னாலும் நான் சொல்லியிருக்கணும். என் பொண்டாட்டியோடதான் ஆடுவேன்னு சொல்லியிருக்கணும்."

"இப்ப ஆடுங்க. அது போதும்."

"நான் எங்க நிக்கணும்?"

கோர்ட்டில் அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவள் எழுந்துகொண்டாள். "உங்க பக்கம். அந்த மூலைய ரொம்ப நாளா யாரும் பாக்கல. நடுவுல வந்தா, போறவங்க 'நான்'னு சொல்லணும். சொன்னப்புறம் இன்னொருத்தர் நிக்கணும். எவ்வளவு ஆசையா இருந்தாலும்."

நிற்பதுதான் அவனுக்கு வரவில்லை. சத்தம் கீச்சென்று வரும்; அவள் "நான்" என்பாள்; அவன் பாதி வழியில் தடுமாறி, முதல் நாள் வண்டி ஓட்டுகிறவனைப் போல குலுங்கிக் குலுங்கி நிற்பான். ஆனாலும் நின்றான். அவன் பக்கத்து மூலைக்கு மேனேஜரம்மா அடித்த பந்து வழக்கம்போல அநாதையாகப் போகவில்லை. அங்கே ஆள் இருந்தது. அவள் நடுவில் பாய்ந்து எடுத்த ஒன்று செயலாளரின் காலடியில் விழுந்து, அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். நாலுக்கு இரண்டு. நாலுக்கு மூன்று. அவள் தொடை எரிந்தது. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு துள்ளல், ஒவ்வொரு அடிக்கும் ஒரு திரும்பல். அதை மட்டும் விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். நான்கில் சமமாகி, ஐந்தில் சமமாகி, கடைசியில் இவர்கள் ஆறுக்கு ஐந்து என்று முன்னால் வந்தார்கள். அடுத்த ஆட்டம் அவள் சர்வீஸ்; அதில் இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் செட் அவர்களுடையது.

அவள் சர்வீஸ் போட்டுவிட்டு வலது பக்கம் பின்கோட்டில் நின்றாள். அவன் இடது பக்கம் வலைக்கு அருகே. பந்து நாலைந்து முறை போய் வந்தது. செயலாளர் அதற்காகவே காத்திருந்தவர் போல, ராக்கெட்டை மெல்லச் சாய்த்து, அவன் தலைக்கு மேலே உயரமாக ஒரு பந்தைத் தூக்கினார். அது அவனைத் தாண்டி, அவன் பக்கத்தின் கடைசி மூலைக்கு இறங்கப் போகிறது. திரும்பி ஓடினால் அவனுக்கு எட்டாது. ஆனால் அவன் எப்போதும் எட்டாததற்கும் ஓடுகிறவன்.

செயலாளரின் ராக்கெட் தொட்டபோதே அவள் துள்ளியிருந்தாள். இறங்கியதும் கால் இடது பக்கம் கிளம்பிவிட்டது.

"நான். நீங்க மாறுங்க."

பந்துக்கு முதுகைக் காட்டச் சொல்கிறாள் அவள். தன் மூலையில், தன் தலைக்கு மேல் போன பந்தை, பார்க்கக்கூடச் செய்யாமல், அவள் விட்டுவந்த வெற்று இடத்துக்குப் போகச் சொல்கிறாள். அவன் இடது கால் ஊன்றியது. ஷூ கீச்சென்றது. அவன் திரும்பிப் பார்க்காமல் வலது பக்கம் போனான்.

அவள் நீள எட்டில் ஓடி, கடைசியில் எட்டைப் பொடிப்பொடியாக உடைத்து, பந்துக்குப் பக்கத்தில் உடம்பைத் திருப்பி, இரண்டு கையாலும் பிடித்து உயரமாகத் திருப்பி அனுப்பினாள். அழகான அடி அல்ல. போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். மேனேஜரம்மா பறந்து வந்தாள். அவன் பந்தைத் துரத்தியிருப்பான், அவள் விட்டுவந்த வலது பக்கம் காலியாகத்தான் இருக்கும் என்று அத்தனை நாள் பார்த்த பழக்கத்தில் அங்கேயே அடித்தாள். அங்கே கணவன் நின்றுகொண்டிருந்தான். தன் மார்புக்கு நேரே வந்த பந்தைக் கொஞ்சம் ஆச்சரியத்தோடு பார்த்து, ராக்கெட்டை நீட்டினான். பந்து வலைக்கு அந்தப் பக்கம் மெத்தென்று விழுந்து இரண்டு முறை குதித்து அடங்கியது.



"அவ்வளவுதானா?" என்று செயலாளர் தன் தொப்பியிடம் கேட்பது போலக் கேட்டார். பிறகு வலைக்கு வந்து அவளிடம் கை நீட்டினார். "அம்மா, நான் பேசினது..."

"காதுல விழுந்துச்சு சார். விழுந்ததாலதான் ஓடினேன். பேர எழுதிக்கங்க."

"தூண்னு சொன்னாங்க," மேனேஜரம்மா இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். "இப்படி ஓடற தூண் மேல யாரு வீடு கட்டறது?" அவள் செயலாளரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க அந்தப் பந்தத் தூக்கினதே தப்பு."

"அடிச்சது நீங்க," என்றார் அவர். இருவரும் தர்க்கம் பண்ணிக்கொண்டே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார்கள்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள். விரல் கொப்புளம் உடைந்து காலுறை ஈரமாக இருந்தது. நாத்தனார் ஓடி வந்து அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அண்ணனைப் பார்த்து, "உனக்கு இல்லடா, அண்ணிக்குத்தான்," என்று சொல்லிவிட்டு ஜூஸ் வாங்கப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மருந்துக் கடையைத் தாமதமாகத் திறந்தால் போதும். இன்னும் நேரம் இருந்தது.

அவன் போகவில்லை. பந்துக் கூடையை எடுத்து வந்து அவள் பக்கத்தில் வைத்தான்.

"பக்கத்து கிளப்புல ஒரு ஆள் இருக்காரு. இவரைவிட உயரமாத் தூக்குவாரு," என்றான்.

"தெரியும்."

"இன்னிக்கு ஏதோ தப்பிச்சுட்டேன். பாதி தூரம் போறதுக்குள்ள திரும்பிப் பாத்துடலாமான்னு இருந்துச்சு." தயங்கினான். "அந்தத் துள்ளல். எப்ப இறங்கணும்னு எனக்குப் பிடிபடல. நான் எப்பவும் ஓடிக்கிட்டேதான் இருந்திருக்கேன், நின்னு துள்ளினதே இல்ல. எனக்கும் சொல்லிக்கொடேன்."

அவள் அவனைப் பார்த்தாள். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முன்மயிரில் இரண்டு நரை, அவள் இதற்கு முன் கவனிக்காதது. கால் வலியில் உயிர் போனது. ஆனாலும் ராக்கெட்டையும் கூடையிலிருந்து ஒரு பந்தையும் எடுத்துக்கொண்டு எழுந்து வலைக்கு அந்தப் பக்கம் நடந்தாள்.

"வலைக்கு வாங்க. இன்னும் கொஞ்சம். முழங்கால மடக்குங்க, விறைப்பா நிக்காதீங்க."

அவன் மடக்கினான். அவள் ராக்கெட்டை உயர்த்தினாள். அவன் துள்ளினான், இறங்கினான், ஓடத் தயாரானான். பந்து இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"அவசரம்," என்றாள். "நான் அடிச்சப்புறம்."